வின்ச்சும் விசை செல்லும் வழியும்

முன்னுரை

மனிதன் தன் தோள்வலியால் ஆகாத செயல்களைக் கருவிகளின் துணைகொண்டு செய்து முடிக்கக் கற்றான். கிணற்றடி இராட்டினமும், எருதுகள் முன்னும் பின்னும் நடக்க வடம் ஓடிய கமலை உருளையும் நம் முன்னோர் நாள்தோறும் கையாண்ட எந்திரங்களே. வடத்தை ஓர் உருளையில் சுற்றிப் பாரத்தை இழுக்கும் பொறிக்கு வின்ச் என்று பெயர். இச்சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. பழனி மலையில் படியேற இயலாத அடியார்களை ஏற்றிச் செல்லும் இழுவை இரயிலை நாட்டுப்புறத்து மூதாட்டியும் 'வின்ச்' என்றே சொல்வார்.

அதே தத்துவத்தில் இயங்கும் சிறிய வின்ச் ஒன்று, பாதையில்லா நிலங்களில் ஓடும் பிக்கப் வண்டிகளின் முன்புறத்தில் பொருத்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மணற்பரப்பிலும், அமெரிக்காவின் மலைக்காடுகளிலும் நெடுந்தொலைவுக்கு ஆள் நடமாட்டமே இல்லாத இடங்கள் உண்டு. அங்கே வண்டி சேற்றில் புதைந்தால், தன்னைத்தானே இழுத்துக் கரையேற்றிக்கொள்ளும் வழி அவ்வண்டிக்கு இருத்தல் வேண்டும். அதற்காகவே இப்பொறி.

இதனைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும் பட்டறைக்காரர் வேலைதானே, கல்லூரி மாணவருக்கு இதில் என்ன உண்டு என்று கேட்கலாம். இளநிலை வகுப்பில் நாம் படிக்கும் சாய்தளம், கப்பி, திருப்புதிறன், மின்தடை, மீட்சி ஆற்றல் ஆகிய அனைத்தும் இந்த ஒரு பொறியில் ஒன்றுகூடுகின்றன. அன்றியும், இங்கே கணக்குத் தவறினால் மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை. அறுந்த வடம் அருகில் நிற்பவரின் உயிரையே கவரும். எனவே, விசை எங்கே தோன்றி, எவ்வெவற்றின் வழியாகச் சென்று, எங்கே முடிகிறது என்பதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வின்ச்சின் அமைப்பு

வண்டிகளில் மூவகை வின்ச்சுகள் வழக்கில் உள்ளன. முதல்வகை, வண்டியின் எஞ்சினிலிருந்தே பற்சக்கரப் பெட்டி வழியாகச் சுழற்சியைப் பெறுவது. 1946இல் விற்பனைக்கு வந்த டாட்ஜ் பவர் வேகன் என்னும் அமெரிக்க வண்டியில் இவ்வகை இருந்தது. இரண்டாம் வகை, எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. மூன்றாம் வகை, வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்குவது. 1959இல் அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் பொழுதுபோக்கு வண்டிகளுக்கென மின் வின்ச்சை வெளியிட்டது. எஞ்சின் நின்றுவிட்டாலும் சிறிது நேரம் இழுக்கவல்லது என்பதாலும், பொருத்துவது எளிது என்பதாலும் இன்று பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது மின் வின்ச்சே. ஆதலின் அதனையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

மின் வின்ச்சில் ஒரு மோட்டார், ஒரு பற்சக்கரத் தொகுதி, ஒரு தடை, ஒரு கிளட்ச், வடம் சுற்றும் உருளை ஆகியவை உள்ளன. மோட்டார் விரைவாகச் சுழலும். ஆனால் அதன் திருப்புதிறன் சிறிது. பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துத் திருப்புதிறனைப் பெருக்குகின்றன. பற்சக்கரங்களில் மூவகை உண்டு. புழுப் பற்சக்கரம் பாரத்தைத் தானாகவே தாங்கி நிற்கும். ஆனால் உராய்வு மிகுதி, பயனுறுதிறன் ஏறத்தாழ 40 விழுக்காடே. நேர்ப் பற்சக்கரம் ஏறத்தாழ 75 விழுக்காடு பயனளிக்கும். ஆனால் இடம் அடைக்கும், தனித் தடையும் வேண்டும். நடுவில் ஒரு சக்கரமும் அதனைச் சுற்றிச் சிறு சக்கரங்களும் அமைந்த கோள் பற்சக்கரம், இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 65 விழுக்காடு பயனுறுதிறன் உடையது. உருளையின் நீளப்போக்கிலேயே அடக்கமாக அமைந்துவிடுவதால் இதுவே இன்று மிகுதியாகப் பயன்படுகிறது.

எவ்வளவு விசை வேண்டும்?

எடுத்துக்காட்டாக டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியைக் கொள்வோம். 1968இல் தோன்றிய இவ்வண்டி, 2022 முதல் இந்தியாவிலும் விற்கப்படுகிறது. ஆளும் சுமையும் நிறைந்த நிலையில் இத்தகைய வண்டியின் எடையை 3,000 கிலோ எனக் கொள்ளலாம். இக்கட்டுரையில் விசையையும் கிலோ எடையிலேயே குறிப்போம்; 1 கிலோ எடை என்பது 9.8 நியூட்டன்.

கெட்டியான சாலையில் இவ்வண்டியை உருட்ட, அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ விசை போதும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். மென்மணலில் எடையில் கால்பங்கு வேண்டும். சேற்றில் நிலைமை வேறு. அமெரிக்கப் படைத்துறையின் வண்டி மீட்புக் கையேடுகள் ஓர் எளிய விதியைத் தருகின்றன. சக்கரம் புதையும் அளவு சேறு எனின் தடை வண்டியின் எடைக்குச் சமம். சக்கரத்தின் மேல் மூடி வரை புதைந்தால் எடையைப்போல் இருமடங்கு. அதற்கும் மேலே சென்றால் மும்மடங்கு.

சாய்தளத்தின் பங்கு இதனோடு சேரும். சரிவின் கோணத்தின் சைன் மதிப்பை எடையால் பெருக்கினால் சரிவின் தடை கிடைக்கும். 15 பாகைச் சரிவுக்குச் சைன் மதிப்பு 0.26. ஆகவே சக்கரம் புதையும் சேற்றில், 15 பாகைக் கரையில் நிற்கும் நம் வண்டிக்கு:

சேற்றின் தடை 3,000 கிலோ
சரிவின் தடை 3,000 × 0.26 = 780 கிலோ
மொத்தம் 3,780 கிலோ

வண்டியின் முழுச்சுமை எடையை ஒன்றரையால் பெருக்கி வரும் எண்ணே வின்ச்சின் குறைந்த அளவு என்று அத்துறையினர் கூறும் விதியின் காரணம் இதனால் விளங்கும். நம் வண்டிக்கு அது 4,500 கிலோ. வின்ச்சுகள் பவுண்டுக் கணக்கிலேயே விற்கப்படுகின்றன. 9,500 பவுண்டு என்பது ஏறத்தாழ 4,300 கிலோ. 12,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 5,440 கிலோ. நமக்கு வேண்டியது இவ்விரண்டிற்கும் இடையில் விழுகிறது. வெறும் வண்டியின் எடையைக் கணக்கிட்டு ஏமாறுதல் கூடாது. எண்ணெய், நீர், கருவிகள், பின்தட்டில் ஏற்றிய சுமை எல்லாம் சேர்ந்தே சேற்றில் அமிழ்கின்றன.

இன்னொன்றும் இக்கணக்கிலிருந்து தெளிவாகிறது. சக்கர மூடிவரை புதைந்த வண்டிக்கு 6,000 கிலோ வேண்டும். அதனை எந்த வின்ச்சிடமும் கேட்பதற்கு முன், மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னுள்ள சேற்றை வெட்டி அகற்றினால் தடை பாதியாகக் குறையும். மண்வெட்டியே முதல் வின்ச் என்று கொள்ளத்தகும்.

பெட்டியின்மேல் எழுதிய எண்

வாங்குவோர் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. வின்ச்சின்மேல் பொறித்துள்ள விசை, உருளையில் வடத்தின் முதல் அடுக்கு மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் விசையாகும். மோட்டார் தரும் திருப்புதிறன் மாறாதது. திருப்புதிறன் என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கிய தொகை. அடுக்கின்மேல் அடுக்காக வடம் ஏற ஏற ஆரம் கூடுகிறது. ஆகவே விசை குறைந்தாக வேண்டும்.

உருளையின் விட்டம் 64 மில்லிமீட்டர், வடத்தின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வடத்தின் நடுக்கோடு வரை அளந்தால் முதல் அடுக்கின் ஆரம் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். அதற்குமேல் ஒவ்வோர் அடுக்கிற்கும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கூடும். 4,300 கிலோ வின்ச்சிற்கு வரும் விடை இது:

முதல் அடுக்கு: ஆரம் 37 மி.மீ., விசை 4,300 கிலோ
இரண்டாம் அடுக்கு: ஆரம் 46 மி.மீ., விசை 3,460 கிலோ
மூன்றாம் அடுக்கு: ஆரம் 55 மி.மீ., விசை 2,890 கிலோ
நான்காம் அடுக்கு: ஆரம் 64 மி.மீ., விசை 2,490 கிலோ

உருளையின் அகலத்தில் ஓர் அடுக்கிற்கு 24 சுற்றுகள் அமையுமானால், முதல் அடுக்கில் அடங்கும் வடம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டரே. 30 மீட்டர் வடம் நான்கு அடுக்குகளை நிரப்பிவிடும். எனவே ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள மரத்தில் கட்டி இழுப்பவர், 4,300 கிலோ விசைக்குப் பணம் கொடுத்துவிட்டு 2,490 கிலோவே பெறுகிறார். நம் எடுத்துக்காட்டில் 3,780 கிலோ தேவை. வண்டி அசையாது, மோட்டார்தான் வெந்துபோகும். மரம் தொலைவில் இருப்பது நன்மை என்னும் வியப்பான உண்மை இதனால் பெறப்படுகிறது.

கப்பியின் உதவி

மரம் அருகில்தான் உள்ளது எனின் என் செய்வது? அங்கே கப்பி துணைக்கு வரும். வடத்தை மரத்தில் கட்டிய கப்பியின் வழியாகத் திருப்பிக் கொணர்ந்து, அதன் கொக்கியை வண்டியின் சேசிஸிலேயே உள்ள உறுதியான வளையத்தில் மாட்டிவிட வேண்டும். இப்போது வண்டியை இரு வடங்கள் இழுக்கின்றன. எந்திர லாபம் 2. உராய்வால் சிறிது குறையும். வேகம் பாதியாகும். வேலையில் இலாபம் இல்லை, விசையில்தான் இலாபம். இருமடங்கு வடம் வெளியே செல்வதால் உருளையில் அடுக்குகளும் குறைந்து, அதனாலும் விசை கூடுகிறது. ஆகவே கப்பியொன்றை உடன் வைத்திருப்பவர் 9,500 பவுண்டு வின்ச்சைக் கொண்டே மேற்கண்ட வண்டியை மீட்கலாம்.

ஆயினும் விசையின் வழியை மறத்தல் ஆகாது. ஒவ்வொரு வடத்திலும் 2,500 கிலோ இழுவிசை இருந்தால், கப்பியின்மீதும், அதனைக் கட்டிய பட்டையின்மீதும், மரத்தின்மீதும் 5,000 கிலோ விழுகிறது. வடம் தாங்குகிறது, ஆகவே கப்பியின் கட்டும் தாங்கும் என்று எண்ணுவது பிழை. கப்பி, ஷாக்கிள், பட்டை ஆகிய மூன்றும் வின்ச்சைப்போல் இருமடங்கு வலியுடையனவாய் இருத்தல் வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கு

முழுப் பாரத்தில் இழுக்கும்போது 12 வோல்ட்டு வின்ச் ஏறத்தாழ 400 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். உட்செல்லும் மின்திறன் 12 × 400 = 4,800 வாட். அப்போது வடம் நிமிடத்திற்கு ஒன்றரை மீட்டர் நகர்வதாகக் கொண்டால், வெளிவரும் திறன் 4,300 × 9.8 × 0.025 = 1,050 வாட் அளவே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வண்டியை இழுக்கிறது, எஞ்சியது வெப்பம். கையளவு மோட்டாருக்குள் மூன்று கிலோவாட்டிற்கு மேற்பட்ட அடுப்பு எரிவது போன்றது இது. ஒரு நிமிடம் இழுத்தபின் நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆறவிட்டு மீண்டும் இழுக்கவேண்டும் என்பதன் பொருள் இதுவே.

வண்டியின் மின்னாக்கி 100 ஆம்பியர் தருமானால், குறைபடும் 300 ஆம்பியரைப் பாட்டரி தரவேண்டும். ஒரு நிமிடத்திற்கு 5 ஆம்பியர் மணி கரையும். ஆகவே நல்ல பாட்டரியும், இழுக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதும் இன்றியமையாதன.

கம்பியின் பருமன் அடுத்த வினா. போக வர 3 மீட்டர் நீளமுள்ள, 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0015 ஓம். 400 ஆம்பியரில் 0.6 வோல்ட்டு இழப்பு, தாங்கலாம். பணத்தைச் சேமிக்க 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 2 வோல்ட்டுக்கு மேல். கம்பியில் மட்டும் 800 வாட் வெப்பம். காப்புறை உருகித் தீப்பற்ற வேறு காரணம் வேண்டியதில்லை. கம்பிகள் தகட்டின் கூர்விளிம்பில் உரசாதவாறு ரப்பர் வளையங்களின் வழியே செல்லவேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் மின்சாரத்தை முற்றும் துண்டிக்கும் விசைக்குமிழ் ஒன்றும் பாட்டரி அருகில் இருத்தல் நலம்.

எஃகு வடமா, நார்வடமா?

9.5 மில்லிமீட்டர் எஃகு வடம் ஏறத்தாழ 6,500 கிலோவில் அறும். 8 மில்லிமீட்டர் வடம் 4,400 கிலோ அளவில் அறும். 12,000 பவுண்டு வின்ச்சில் 8 மில்லிமீட்டர் எஃகு வடத்தைச் சுற்றினால், வின்ச் களைக்குமுன் வடம் அறுந்துவிடும் என்பது எண்களைப் பார்த்த அளவிலேயே தெரியும். வடம் எப்போதும் வின்ச்சைவிட வலியதாக இருக்கவேண்டும்.

எஃகு வடம் கல்லிலும் மணலிலும் உரசினாலும் பொறுக்கும். வெயிலுக்கும் வெப்பத்திற்கும் அஞ்சாது. ஆனால் 30 மீட்டர் வடம் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது, துருப்பிடிக்கும், அறுந்த இழைகள் ஊசிபோல் கையைக் கிழிக்கும். தோல் கையுறையின்றி அதனைத் தொடுதல் கூடாது.

மூலக்கூற்று எடை மிகுந்த பாலிஎத்திலீன் நாரால் பின்னிய வடம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. அதே பருமனில் எஃகைவிட வலியது, எடை அதில் ஆறில் ஒரு பங்கு அளவே, நீரில் மிதக்கும். ஆனால் ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு வெகு முன்னரே வலிமை குன்றும். உருளைக்குள்ளேயே தடை அமைந்த வின்ச்சுகளில், பாரத்தோடு வடத்தை நெடுநேரம் இறக்கினால் உருளை சூடேறி நார் கெடும். வெயிலின் புறஊதாக் கதிரும், நாரிடையே புகும் மணலும் அதற்குப் பகை. மணற்பாலையில் ஓடும் வண்டிக்கும் மழைக்காட்டில் ஓடும் வண்டிக்கும் ஒரே விடை பொருந்தாது.

வடம் வெளிவரும் வாயிலும் வடத்திற்கேற்ப மாறவேண்டும். எஃகு வடத்திற்கு நான்கு உருளைகள் கொண்ட வாயில். நார்வடத்திற்கு வழவழப்பான அலுமினிய வாயில். எஃகு வடம் அறுத்துப் பள்ளமாக்கிய வாயிலில் நார்வடத்தை ஓட்டினால் அப்பள்ளமே அரமாகிவிடும்.

பொருத்தும் முறை

இனி விசையை எதிர்ப்புறமாகப் பின்தொடர்வோம். வடத்தின் இழுவிசை உருளைக்கும், உருளையிலிருந்து போல்ட்டுகளுக்கும், போல்ட்டுகளிலிருந்து தகட்டிற்கும், தகட்டிலிருந்து சேசிஸிற்கும் செல்லவேண்டும். வண்டியோடு வந்த பம்பர் மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் ஆனது. அது வழி ஆகாது. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டினாலான தாங்கி, சேசிஸின் இரு நீளச்சட்டங்களின் முனைகளிலும் போல்ட்டுகளால் பிணைக்கப்படவேண்டும். அந்த வண்டி மாதிரிக்கென்றே செய்த தாங்கியை வாங்குவது சிறந்தது. பட்டறையில் பற்றவைத்துச் செய்வதாயின், பற்றவைப்பு ஒன்றை மட்டும் நம்பாமல் போல்ட்டும் சேர்ந்து தாங்குமாறு அமைக்கவேண்டும்.

இவ்வளவு விசைக்கான வின்ச்சுகள் பெரும்பாலும் நான்கு போல்ட்டுகளில் நிற்கின்றன. துளைகளின் இடைவெளி 254 மில்லிமீட்டரும் 114.3 மில்லிமீட்டரும் ஆகும். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 4.6 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையில் அது அறும் என்பது கிடைக்கும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் பயனுறு பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். குறுக்கே வெட்டும் விசைக்கு எஃகின் தாங்குதிறன் இழுவையில் ஏறத்தாழ 60 விழுக்காடு. கணக்கிட்டால், 8.8 தரப் போல்ட்டு ஒன்று 2,840 கிலோவும், 4.6 தரப் போல்ட்டு 1,420 கிலோவும் தாங்கும்.

நேராக இழுக்கும்போது நான்கும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆனால் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் பாரத்தின் பெரும்பகுதி இரண்டின்மேல் விழும். 8.8 தரத்தில் இரண்டு 5,680 கிலோ தாங்கும். 4,300 கிலோவுக்குப் போதும். 4.6 தரத்தில் இரண்டு 2,840 கிலோவே தாங்கும். அவை அறுந்து வின்ச்சே பறந்துபோகும். கடைத்தெருவில் இரண்டிற்கும் விலை வேறுபாடு சிலநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். வின்ச்சோடு வந்த போல்ட்டுகளை மாற்றாமல் பயன்படுத்துவதும், நீளம் மிகுந்த போல்ட்டைப் போட்டுத் துளையின் அடியில் முட்டவிடாமல் இருப்பதும் அறிவுடைமை.

உருளையில் வடம் எத்திசையில் சுற்றவேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் உள்ளபடியே செய்யவேண்டும். பெரும்பாலானவற்றில் வடம் உருளையின் அடிப்புறத்திலிருந்து வெளிவரும். மாற்றிச் சுற்றினால் தடை பிடிக்காது. வடத்தின் முனையை உருளையில் பிணைத்துள்ள சிறு திருகு, பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று, உராய்வே தாங்குகிறது. ஆகவே எஃகு வடமாயின் ஐந்து சுற்றுகளும், வழுக்கும் தன்மையுள்ள நார்வடமாயின் எட்டு முதல் பத்துச் சுற்றுகளும் எப்போதும் உருளையில் எஞ்சியிருக்கவேண்டும்.

எடையின் விளைவையும் கருதுதல் வேண்டும். வின்ச்சும் தாங்கியும் எஃகுப் பம்பரும் சேர்ந்து 100 கிலோ கூடுவதாகவும், அது முன்னச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் அமைவதாகவும் கொள்வோம். ஹைலக்ஸின் அச்சிடைத் தொலைவு 3.085 மீட்டர். பின்னச்சை மையமாக வைத்துத் திருப்புதிறன் எடுத்தால் முன்னச்சில் கூடும் எடை 100 × 3.885 ÷ 3.085 = 126 கிலோ. கூட்டியது 100, கூடியது 126! எஞ்சிய 26 கிலோ பின்னச்சிலிருந்து தூக்கப்பட்டது. சுமையில்லாத பிக்கப் வண்டிக்குப் பின்புறம் இயல்பிலேயே இலேசானது. எனவே முன் ஸ்பிரிங்குகளை வலுவானவையாக மாற்றாவிடில் வண்டி முகம் குனியும். ஈரச்சாலையில் பின்சக்கரங்களின் பிடிப்பும் குறையும். அன்றியும், ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றையும், விளக்குகளையும், எண் பலகையையும் தாங்கி மறைத்தல் கூடாது. மோதலின்போது விரியும் காற்றுப்பைகளின் உணர்விகளுக்கும் அது இடையூறு ஆகாமல் இருக்கவேண்டும்.

சட்டத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தியமைப்பதைத் தடுக்கிறது. வண்டிகளின் முன்னே மாட்டும் எஃகுக் காப்புச் சட்டங்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து செல்வோர்மீது மோதினால் அவை பெருங்கேடு விளைவிக்கும் என்பதும் காரணங்களுள் ஒன்று. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே இவ்வேலையில் இறங்குதல் முறை.

வடத்தில் உறங்கும் ஆற்றல்

இறுகிய வடம் நாணேற்றிய வில்லுக்கு ஒப்பாகும். 25 மீட்டர் எஃகு வடம் 4,000 கிலோ விசையில் ஒரு விழுக்காடு நீள்வதாகக் கொண்டால், நீட்சி 25 சென்டிமீட்டர். அதில் தேங்கிய மீட்சி ஆற்றல் விசையில் பாதியை நீட்சியால் பெருக்கியது. அதாவது ஏறத்தாழ 5,000 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 120 ஜூல் அளவே. வடம் அறும் நொடியில் நாற்பது பந்துகளின் ஆற்றல் ஒரே கொக்கியில் ஏறிக்கொண்டு வருகிறது என்றால், அதன் எதிரில் நிற்கலாமா?

இதனால் சில விதிகள் தாமே பிறக்கின்றன. இழுக்கும்போது வடத்தைத் தாண்டுதல் கூடாது. வடத்தின் நீளத்திற்குள் இயக்குபவரைத் தவிர எவரும் நிற்றல் கூடாது. அவரும் வண்டிக்குள் இருந்தோ, பக்கவாட்டில் நெடுந்தொலைவு விலகியோ இயக்கவேண்டும். வடத்தின் நடுவில் கனத்த போர்வையையோ, மண் நிரப்பிய சாக்கையோ போட்டால், அறுந்த வடத்தின் வேகம் அடங்கும். நார்வடம் எடை குறைந்ததாதலின் துள்ளல் குறைவு. ஆனால் அதன் முனையிலுள்ள கொக்கியும் ஷாக்கிளும் எஃகே என்பதை மறக்கலாகாது. இழுவண்டி மாட்டும் பந்துக்கொக்கியில் வடத்தை ஒருபோதும் மாட்டக்கூடாது. அது முறிந்து குண்டுபோல் பறந்து உயிர்களை மாய்த்ததுண்டு.

மரத்தில் கட்டும்போது வடத்தை நேரே சுற்றினால் பட்டையை அறுத்துவிடும். இலைகள் சமைத்த உணவு பட்டையின் உட்புறத்து வழியாகவே வேருக்குச் செல்கிறது. சுற்றிலும் பட்டை அறுந்த மரம் பட்டினியால் சாகும் என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். அகன்ற பட்டைநாடாவை மரத்தின் அடியில் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஷாக்கிளில் கோத்து, அதில் வடத்தின் கொக்கியை மாட்டுவதே முறை. அடியில் கட்டுவதால் மரத்தின்மேல் விழும் திருப்புதிறனும் குறையும். மரமே இல்லாத மணற்பாலையில், மாற்றுச் சக்கரத்தை ஆழக் குழிதோண்டிப் புதைத்து அதனையே முளையாகக் கொள்வர்.

முடிவுரை

வின்ச் வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது 'எத்தனை பவுண்டு?' என்பதாகும். அவ்வினா தவறன்று, ஆனால் அது தொடக்கமே. பாட்டரி, கம்பி, மோட்டார், பற்சக்கரம், உருளை, வடம், கொக்கி, பட்டை, மரம் என்று ஒருபுறமும், போல்ட்டு, தகடு, சேசிஸ் என்று மறுபுறமும் நீளும் சங்கிலியில், எது மெலிந்ததோ அதுவே அந்த வின்ச்சின் உண்மையான வலிமை. மெலிந்த கண்ணி எது என்பதை வாங்குமுன் தாளில் கணக்கிட்டுக் கண்டறிபவர் சில நூறு ரூபாயில் அதனை மாற்றிவிடலாம். கணக்கிடாதவருக்கு, ஆள் நடமாட்டமற்ற ஆற்றங்கரையில் அந்தக் கண்ணி தானே முறிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வகுப்பறையில் கரும்பலகையில் நாம் வரையும் அம்புக்குறிகள் வெறும் கோடுகள் அல்ல. ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. நடுவில் அதனைத் தாங்க ஒரு பொருளும் உண்டு. எந்திரம் எதுவாயினும், அதனருகே செல்லுமுன் விசை செல்லும் வழியை மனத்தால் ஒருமுறை நடந்து பார்க்கும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்வாராயின், இயற்பியல் கற்றதன் பயன் தேர்வு மண்டபத்திற்கு வெளியிலும் அவர்களுக்குத் துணைநிற்கும்.